கம்பிவலைத் திரியும் காந்தல் கம்பியும்

சிகரெட்டைப் பற்றி யாராவது எழுதினால் எங்கள் ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பெண்கள் அதைக் கத்தரித்துக் குசினிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். இரண்டும் நடக்கட்டும். நாங்கள் புத்திமதி சொல்ல வரவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே பக்ரறியில் ஒரே சிப்ற்றில் நிற்கும் மூன்று பேர், சிகரெட்டை விடுவதற்காக ஒரு சின்னக் கம்பிச் சுருளோடும் ஒரு துண்டு எவர்சில்வர் வலையோடும் இரண்டு வருடம் மல்லுக்கட்டிய கதை இது. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இதிலே பயன்படக்கூடிய விடயங்கள் சில இருக்கின்றன என்று நினைத்தே எழுதுகிறோம். நாங்கள் ஓ.எல். வரை படித்தவர்கள். பௌதிகம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளவும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய நகரம். எங்களில் மூத்தவருக்கு முப்பத்தெட்டு வயது. 2009 இல் முகாமுக்குள் தொடங்கிய சிகரெட், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் இங்கேயும் கூடவே வந்துவிட்டது. இளையவன் இங்கே வந்துதான் பழகினான். இரவுச் சிப்ற்றில் பத்து நிமிடம் வெளியே நிற்பதற்கு அதைவிட நல்ல சாட்டு என்ன இருக்கிறது! இந்த நாட்டிலே இருபது சிகரெட் கொண்ட ஒரு பெட்டி 15 பவுணுக்கு மேலே போய்விட்டது. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்றால் மாதத்துக்கு 450 பவுண். அது எங்கள் வீட்டில் ஒரு அறை வாடகை. ஊருக்கு அனுப்புகிற காசைவிட அதிகம். இந்தக் கணக்கை மூத்தவர் ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டவர்கள் நாங்கள் இருவரும்தான். கணக்கைக் காட்டினால், "கணக்குப் பாத்தால் ஊதேலாது தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்.

கணக்குக்கு அசையாதவர் ஒரு தொலைபேசிக்கு அசைந்தார். மனைவிக்கும் மகளுக்கும் குடும்ப இணைவு விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். மகளுக்கு ஐந்து வயது, பிறந்ததிலிருந்து இழுப்பு. மாரிகாலத்தில் பம்ப் இல்லாமல் படுக்க முடியாத பிள்ளை. ஒரு நாள் வட்ஸ்அப்பில் பேசும்போது மனைவி கேட்டார்: "அங்கை வீட்டுக்குள்ளை புகை மணக்குமோ? பிள்ளை எங்கை படுக்கும்?" அவ்வளவுதான். அன்றிரவு வேலைக்குப் போகும் வழியில், "விசா வர முந்தி இதை விடவேணும், என்ன செய்யலாம் சொல்லுங்கோடா" என்றார். எங்களிடம் அப்போது பதில் இருக்கவில்லை.

பதில் கிடைத்தது தறிக்கு அருகில். நாங்கள் வேலை செய்யும் இடத்தில் கம்பிவலை நெய்கிறார்கள். புடவை நெய்வதுபோல பாவும் ஊடுமாக, ஆனால் நூலுக்குப் பதில் எவர்சில்வர் கம்பி. மாவு அரிக்கவும், மருந்துத்தூள் சலிக்கவும், எண்ணெய் வடிக்கவும் போகிற வலை. வலைக்கு ஒரு இலக்கம் உண்டு. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண் என்பதுதான் அந்த இலக்கம். 400 என்றால் ஓர் அங்குலத்தில் நானூறு கண். கையில் பிடித்தால் பட்டுத்துணிபோல வழுக்கும். கண்ணுக்கு வலை என்றே தெரியாது. எங்களோடு தறியில் நிற்கும் போலந்துக்காரர் ஒருவர் இருபத்தைந்து வருடம் புகைத்து 2012 இல் விட்டவர். மேற்பார்வையாளரிடம் கேட்டு, குப்பைக்குப் போகிற 400 இலக்கத் துண்டு ஒன்றை எடுத்துவந்து மூத்தவரின் கையில் வைத்து, "உன்னுடைய மருந்து இதுதான்" என்றார். நாங்கள் பகிடி என்று நினைத்தோம்.

மின்சிகரெட் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சீனாவைச் சேர்ந்த ஹொன் லிக் என்ற மருந்தாளர் 2003 இல் அதன் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தார். அதற்குள் ஒரு பற்றறி, ஒரு கம்பிச் சுருள், சுருளுக்குள் ஒரு திரி, திரி ஊறிக்கொண்டிருக்கும் ஒரு திரவம். பொத்தானை அமத்தினால் சுருள் சூடேறும், திரவம் ஆவியாகும், ஆவியை உறிஞ்சுகிறார்கள். திரவத்தில் இருப்பது கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல், வாசனை, நிக்கொட்டின். இதிலே எதுவும் எரிவதில்லை. எரியாதபடியால் சிகரெட்டில் வருகிற தாரும் காபனோரொட்சைட்டும் இல்லை. ஆனபடியால்தான் இந்த நாட்டுச் சுகாதார சேவை, புகைப்பவர் அதை விடுவதற்கு இது உதவும் என்கிறது. அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்கிறது: புகைக்காதவர் இதைத் தொடவே கூடாது, இது தீங்கற்றதும் அல்ல. இந்த இரண்டாவது பகுதியை எங்கள் பெடியள் கேட்காததுபோல விட்டுவிடுகிறார்கள்.

கடையில் ஆயத்தமாக வாங்கக்கூடியதைக் கையால் ஏன் கட்டவேண்டும் என்று கேட்பீர்கள். மூத்தவர் முதலில் கடைச் சாமான்தான் வாங்கினார். அதற்குள் இருக்கும் பஞ்சுத்திரி, அவர் இழுக்கிற இழுவைக்கு மூன்று நாளில் கருகியது. கருகிய பஞ்சின் ஒரு இழுவை தொண்டையைப் பிடித்ததென்றால் அடுத்த நிமிடம் கை சிகரெட்டைத் தேடும். எங்களுக்கு அதுதான் பயம். எவர்சில்வர் வலை கருகாது. அழுக்குப் பிடித்தால் கழற்றி நெருப்பில் காட்டித் திரும்பப் போடலாம். 2011, 2012 அளவில் இந்த வலைத்திரிதான் கைவினைக்காரர் மத்தியில் பெயர்பெற்று இருந்தது. பிறகு பஞ்சு மலிந்து வலை பின்னுக்குப் போய்விட்டது. போலந்துக்காரர் மட்டும் பழைய ஆள்.

திரி எப்படி எண்ணெயை மேலே ஏற்றுகிறது என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை போட்டு மண்ணெண்ணெய் தங்கவிலை விற்ற காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, நூல்திரி கொளுத்திப் படித்த தலைமுறை எங்களுடையது. வன்னியில் அது இன்னும் பல வருடம் நீடித்தது. திரி மொத்தமாக இருந்தால் எண்ணெய் குடிக்கும், இறுக்கமாக இருந்தால் எண்ணெய் ஏறாது, தலை கருகினால் கத்தரிக்கவேண்டும் என்பதெல்லாம் எங்கள் அம்மாமார் சொல்லித் தந்த பாடம். போலந்துக்காரர் வலையைச் சுருட்டிக் காட்டும்போது இளையவன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணை, இது எங்கடை விளக்குத்திரிதானே!" என்றான். உண்மை. வித்தியாசம் என்னவென்றால் இங்கே திரியில் நெருப்பு இல்லை. திரியைச் சுற்றிக் கறன்ற் ஓடுகிறது. சிக்கலெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறோம். வலையை ஆறு சென்ரிமீற்றர் நீளம், நாலு சென்ரிமீற்றர் அகலத்துக்கு வெட்டவேண்டும். வெட்டிய ஓரம் ஊசிபோல் குத்தும். விரலில் ஏறினால் எடுக்கமுடியாது, ஆகவே ஓரத்தை ஒரு மில்லிமீற்றர் மடித்துக்கொள்ளவேண்டும். தறியிலிருந்து வந்த வலையில் இயந்திர எண்ணெய் இருக்கும். கோப்பை கழுவும் சோப்பில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து எடுக்கவேண்டும். பிறகு குறட்டால் பிடித்துக் காஸ் அடுப்பின் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்க்கவேண்டும். இப்படி நாலைந்து தரம். முதலில் பொன்னிறம், பிறகு ஊதா, நீலம், கடைசியில் மங்கிய சாம்பல். இந்த நிறமாற்றம் சும்மா அழகுக்கு இல்லை. கம்பியின் மேலே ஒட்சைட் படலம் ஒன்று உண்டாகிறது. அது மின்னை இலகுவில் விடாது. சுற்றிய கம்பியிலிருந்து கறன்ற் வலைக்குள் பாயாமல் காப்பது அந்த மெல்லிய தோல்தான்.

அடுத்தது சுருட்டுதல். ஊரிலே கோடாச் சுருட்டுக் கொட்டிலில் வேலை பார்த்தவரின் மகன் மூத்தவர். அவர் கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சாக்குத் தைக்கும் ஊசி ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றி வலையை மூன்று மில்லிமீற்றர் மொத்தத்துக்குச் சுருட்டி, ஊசியை உருவிவிடவேண்டும். நடுவிலே அந்தத் துவாரம் இருக்கவேண்டும். திரவம் மேலே ஏற ஏற, கீழே தாங்கிக்குள் அதன் இடத்துக்குக் காற்றுப் போகவேண்டுமல்லவா? துவாரம் அடைபட்டால் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்ததுபோல் திரவம் நின்றுவிடும். சுருட்டிய பிறகு இன்னொரு தரம் நெருப்பில் காட்டவேண்டும். ஏனென்றால் சுருட்டும்போது அந்தத் தோல் அங்கங்கே உரிந்திருக்கும்.

இனிக் கம்பி. அதன் பெயரைப் போலந்துக்காரர் சொன்னபோது நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். கான்தல் என்றார், எங்கள் காதில் காந்தல் என்றே விழுந்தது. சோறு அடிப்பிடித்தால் காந்தல் மணக்குது என்று சொல்லுவோமே, அந்தக் காந்தல். ஆனால் இது சுவீடனில் பிறந்த பெயர். ஹான்ஸ் வொன் கன்ற்ஸோ என்பவர் கண்டுபிடித்த இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை. அவர் பெயரின் முன்பாதியையும் ஹால்ஸ்ராஹமார் என்ற அவருடைய ஊரின் பெயரையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சூளைகளிலும் அடுப்புகளிலும் சூடேற்றுவது இந்த வகைக் கம்பிதான். கொழும்பு லொட்ஜில் ஏஜென்சிக்காரன் அழைக்கும்வரை மாதக்கணக்கில் கிடந்தவர்களுக்குக் கொயில் அடுப்பு ஞாபகம் இருக்கும். சுருள் அறுந்தால் இரண்டு முனையையும் இழுத்து முறுக்கிவிடுவோம். அடுப்பு முந்தியைவிடச் சிவப்பாக எரியும். ஏன் என்று அப்போது தெரியாது. கம்பி கட்டையானால் தடை குறையும்; தடை குறைந்தால் கறன்ற் கூடும். அவ்வளவுதான் இந்தத் தொழிலின் முழுப் பௌதிகமும்.

நாங்கள் பாவிப்பது 0.32 மில்லிமீற்றர் கம்பி. மீற்றருக்கு ஏறக்குறைய 18 ஓம் தடை. மூன்று மில்லிமீற்றர் திரியில் ஒரு சுற்றுக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே போகும். ஐந்து சுற்றும் இரண்டு கால்களும் சேர்ந்தால் ஏழு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, தடை 1.2 ஓம் அளவில் வரும். கம்பியைத் திரியில் நேரே இறுக்கிச் சுற்றக்கூடாது. மூன்று மில்லிமீற்றர் துறப்பண ஊசியில் சுற்றிக் கழற்றி, பிறகு திரியை அதற்குள் விடவேண்டும். திரி வழுக்கி இறங்கவேண்டும், ஆனால் ஆடக்கூடாது. மேல்கால் நேர்முனைத் தூணுக்கு, கீழ்க்கால் அடித்தட்டுக்கு. மீற்றரில் வைத்துப் பார்த்து 1.2 காட்டினால் பொத்தானை அரைச் செக்கன், அரைச் செக்கனாக அமத்திப் பார்க்கலாம்.

முதல்நாள் பார்த்ததை மறக்கமாட்டோம். மேல்சுற்று மட்டும் வெள்ளையாகப் பற்றி எரிந்தது. கீழே நாலு சுற்றும் கறுப்பாகக் கிடந்தன. "அண்ணை, மேலுக்கு மட்டும்தான் சிவக்குது" என்று இளையவன் கத்த, மூத்தவர் கையை எடுத்துவிட்டார். மூன்று நாள் இதுதான் கூத்து. அவிழ்ப்போம், சுற்றுவோம், திரும்ப அதே மேல்சுற்று. போலந்துக்காரர் ஒரு கடதாசியில் கீறிக் காட்டிய பிறகுதான் விளங்கியது. வலைத்திரி அடித்தட்டின் துவாரத்துக்குள்ளால் இறங்குகிறது. ஆகவே வலை முழுவதும் எதிர்முனையோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. கம்பியின் கீழ்ச்சுற்றும் எதிர்முனைக்குக் கிட்ட. அங்கே கம்பிக்கும் வலைக்கும் இடையில் வோல்ற் வித்தியாசம் சொற்பம். மேலே போகப்போக வித்தியாசம் கூடிக்கொண்டு போகும். மேல்சுற்றில்தான் அது ஆகக் கூட. ஒட்சைட் தோல் ஓரிடத்தில் உரிந்திருந்தால், கறன்ற் ஐந்து சுற்றையும் சுற்றிக்கொண்டிராமல் மேலேயே வலைக்குள் பாய்ந்து நேரே இறங்கிவிடும். வீதியால் சுற்றிப் போகாமல் வேலிப்பொட்டுக்குள்ளால் பாய்கிறவனைப்போல.

இது விளங்கியபின் வைத்தியம் இலகு. மீற்றர் 1.2 க்குப் பதில் 0.4, 0.5 என்று காட்டினால் எங்கோ பொட்டு இருக்கிறது. பொத்தானில் கை வைக்காமல் திரியைக் கழற்றி மீண்டும் நெருப்பில் காட்டவேண்டும். மீற்றர் சரியாகக் காட்டியும் ஒரு சுற்று மட்டும் சிவந்தால், அந்தச் சுற்று திரியை அமத்துகிறது, அல்லது இடைவெளி ஒழுங்கில்லை. பொத்தானை விட்டு, ஆறியபின், மரக்குச்சியால் மெல்லத் தட்டி அகற்றவேண்டும். மீற்றர் ஒரு நேரம் 1.2, ஒரு நேரம் 1.6, பிறகு ஒன்றுமே இல்லை என்று ஆடினால் சுருளில் குற்றமில்லை, திருகாணி இறுகவில்லை. ஆவி காய்ந்து தொண்டையில் சுட்டால் திரி இறுக்கம், அல்லது நடுத்துவாரம் அடைப்பு, அல்லது திரவம் கட்டி. கிளிசரின் கூடிய திரவம் தேன்போல, வலையில் ஏறாது. பாதிக்குப் பாதி கலந்ததை வாங்கவேண்டும். இரும்புச் சுவை வந்தால் வலை போதுமானளவு எரியவில்லை. எல்லாம் சரியாக இருக்கும்போது சுருள் நடுவிலிருந்து மெல்லச் சிவந்து இரு பக்கமும் பரவும். அதைப் பார்ப்பதற்காகவே மூத்தவர் இரண்டு தரம் கூட அமத்துவார்.

பற்றறி பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. ஏனென்றால் சிகரெட் மெதுவாகக் கொல்லும், பற்றறி உடனே வேலையைக் காட்டிவிடும். நாங்கள் பாவிப்பது 18650 என்கிற வகை. 18 மில்லிமீற்றர் குறுக்கு, 65 மில்லிமீற்றர் நீளம், நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ற். 4.2 ஐ 1.2 ஓமால் பிரித்தால் மூன்றரை அம்பியர். பயமில்லை. அதுவே பொட்டு விழுந்து 0.1 ஓமாகிவிட்டால் 42 அம்பியர். இந்த அளவுப் பற்றறிகளில் பெரும்பாலானவை அந்தப் பாரத்தைச் சுமக்கமாட்டா. உள்ளே சூடேறி வாயு கக்கி வெடிக்கும். போலந்துக்காரரிடம் பழைய பித்தளைக் குழல் ஒன்று இருந்தது. வெறும் பொத்தானும் குழலும்தான், காப்பு எதுவும் கிடையாது. பார்க்க வடிவு. சும்மா தருகிறேன் என்றார். நாங்கள் வாங்கவில்லை. தடை குறைந்தால் தானாகவே நிறுத்திவிடுகிற, திரையில் ஓம் காட்டுகிற பெட்டிதான் வாங்கினோம். வீட்டில் மூன்று குடும்பத்தின் நம்பிக்கை கிடக்கும்போது பித்தளையின் வடிவைப் பார்க்க முடியுமா?

மற்ற சிப்ற்றில் வேலை செய்யும் ஒருவர் மேலதிகப் பற்றறியைச் சாவியும் சில்லறையும் கிடந்த ஜக்கற் பொக்கற்றில் போட்டிருந்தார். சாவி இரண்டு முனையையும் தொடுத்துவிட்டது. ஜக்கற் எரிந்ததோடு போயிற்று; அவர் அதை உடுத்தியிருக்கவில்லை, கொளுவியில் தொங்கியது. ஆகவே பிளாஸ்ரிக் பெட்டிக்குள்தான் பற்றறி. மேலே இருக்கும் தோலுறை கிழிந்தால் பாவிக்கக்கூடாது. இரவு நித்திரைக்குப் போகும்போது, கட்டிலில், வாசற்கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடக்கூடாது. பழுதானதைக் குப்பைவாளியில் போடாமல், பெரிய கடைகளின் வாசலில் பற்றறிக்கென வைத்திருக்கும் பெட்டியில் போடவேண்டும். இது மின்சிகரெட்டுக்கு மட்டுமல்ல. மின்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் எங்கள் பெடியள் எத்தனை பேர் படிக்கட்டுக்குக் கீழே சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள்!

திரவமும் அப்படித்தான். நிக்கொட்டின் நஞ்சு, தோலாலும் உள்ளே போகும். கொட்டினால் உடனே கழுவவேண்டும். பழவாசனையும் வண்ணப் படமும் போட்ட சின்னப் போத்தலைப் பிள்ளை பாணி என்று நினைத்து வாயில் வைத்துவிட்டால் 999 தான். இந்த நாட்டுச் சட்டப்படி போத்தல் 10 மில்லிலீற்றருக்கு மேலே இருக்கக்கூடாது, மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேலே நிக்கொட்டின் இருக்கக்கூடாது, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது. ஒருமுறை பாவித்து எறிகிறவை 2025 யூன் 1 ஆம் திகதியிலிருந்து விற்பனைக்குத் தடை. மலிவாகக் கிடைக்கிறது என்று மேசைக்குக் கீழே எடுத்துக் கொடுக்கிற கடையில் வாங்கவேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது.

இன்னொரு முக்கியமான சங்கதி. கலியாணத்துக்கு, கோயிலுக்கு என்று தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. இந்தியாவில் 2019 இல் மின்சிகரெட்டின் இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 2018 இலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். இங்கே கடையில் கிடைக்கிறபடியால் எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைக்கவேண்டாம். பயணப் பத்திரமும் விசாவும் எங்களுக்கு எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தவை என்பதை இந்த வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வலை நல்லதா என்று கேட்டால் நாங்கள் முழு மனதோடு ஆம் என்று சொல்லமாட்டோம். எவர்சில்வரில் நிக்கலும் குரோமியமும் இருக்கின்றன. சூடேறி ஆறும் உலோகத்திலிருந்து நுண்துகள் ஆவியோடு வருவதை ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். நிக்கல் ஒவ்வாத தோல் உள்ளவர்கள் கிட்டவும் போகக்கூடாது. திரியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றுவதும், சிவக்கச் சிவக்க இழுக்காமல் இருப்பதும் எங்கள் ஒழுங்கு. கை வேலையில் விருப்பமில்லாதவர்கள் கடையில் ஆயத்தமான சுருளை வாங்கி, சொன்ன நாளில் மாற்றிக்கொண்டால் போதும். மூத்தவருக்கு வலை உதவியதற்கு வேறொரு காரணம் இருக்கிறது என்றும் நாங்கள் நினைக்கிறோம். சிகரெட்டை விட்டவனுக்கு முதல் மாதம் கை சும்மா இருக்கமாட்டாது. அவருடைய கைக்கு வலை வேலை கொடுத்தது. சிகரெட் மணி அடிக்கிற நேரமெல்லாம் அவர் திரி சுருட்டிக்கொண்டிருந்தார்.

இதைத் தனியே செய்யவுமில்லை. குடும்ப வைத்தியரிடம் சொன்னோம். அவர் புகைவிடும் சேவைக்கு அனுப்பினார். காசு இல்லை. மொழிபெயர்ப்பாளரும் தொலைபேசியில் தந்தார்கள். அங்கே ஒரு தாதி சின்னக் குழாயைத் தந்து ஊதச் சொன்னார். மூச்சில் எவ்வளவு காபனோரொட்சைட்டு இருக்கிறது என்று அது இலக்கமாகக் காட்டும். மூத்தவருக்கு முதல்நாள் 27. மூன்றாம் கிழமை 3. வெளியே வந்து அந்தச் சீட்டைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். "இது என்ன சோதினை மாக்ஸ்?" என்று பதில் வந்தது. அவர் விளங்கப்படுத்த, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, "அப்பா விட்டிட்டாராம்" என்று சொல்வது எங்களுக்கும் கேட்டது.

திரவத்தின் பலத்தைப் படிப்படியாக இறக்கினோம். 18 இல் தொடங்கி மூன்று மாதத்தில் 12, பிறகு 6, பிறகு 3. 12 இலிருந்து 6 க்கு இறங்கிய கிழமை வீட்டிலே சட்டி பானை பறந்தது. அந்தக் கிழமை விசாவும் இழுபட்டது. கொமிஷனிலிருந்து இன்னும் ஒரு கடதாசி வேண்டும் என்றார்கள். இரவு இரண்டு மணிக்கு வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டு இளையவன் இறங்கிப் போனான். மூத்தவர் வாசற்படியில் இருந்தார். கையில் கடையில் வாங்கிய புதுப் பெட்டி, இன்னும் உடைக்கவில்லை. இளையவன் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தானாம். கொஞ்ச நேரத்தால், "அண்ணை, அந்த மேல்சுற்று திரும்பச் சிவக்குது, ஒருக்கால் வந்து பாருங்கோவன்" என்றானாம். பார்க்கவேண்டிய அளவுக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இருந்தாலும் அவர் எழும்பிவந்து குசினி மேசையில் விடியுமட்டும் அவிழ்த்துப் பூட்டினார். பெட்டியை யார் எறிந்தது என்று எங்களுக்குள் இன்னும் தகராறு.

மனைவியும் மகளும் சென்ற வருடம் மாரி தொடங்க முந்தி வந்து சேர்ந்தார்கள். மூத்தவர் பக்கத்துத் தெருவில் இரண்டு அறை வீட்டுக்கு மாறிவிட்டார். பிள்ளைக்கு இழுப்பு இன்னும் இருக்கிறது. இந்தக் குளிருக்கு அது வராமல் இருக்குமா? ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு பம்ப் கொடுத்திருக்கிறார்கள். இரவில் எழும்பி இருப்பது குறைந்திருக்கிறது என்று தாய் சொல்கிறார். வீட்டுக்குள் ஆவியும் கிடையாது. அது முதல் நாளே போட்ட சட்டம். நிக்கொட்டின் இல்லாத திரவத்துக்கு அவர் இறங்கி நாலு மாதம். வெள்ளிக்கிழமை மட்டும் பின்வளவில் நின்று இரண்டு இழுவை. பெட்டியும் மீற்றரும் குறடும் அலுமாரிக்கு மேலே, பூட்டுப்போட்ட பிஸ்கற் தகரத்துக்குள்.

இளையவன் இன்னும் 12 இல்தான் நிற்கிறான். அவனுக்கு ஊரில் பெண் பேசுகிறார்கள். பெண் வீட்டார் முதலில் கேட்ட கேள்வி இதுதான் என்று கேள்வி. இந்தச் சனிக்கிழமை அவனுக்குப் புதுத்திரி சுருட்டவேண்டும். 400 வலை முடிந்துவிட்டது, பக்ரறியில் இப்போது 325 தான் ஓடுகிறது. கண் கொஞ்சம் பெரிது, கம்பியும் மொத்தம். ஆறு சென்ரிமீற்றருக்குப் பதில் நாலரை வெட்டினால் அதே துவாரத்துக்குள் போகும் என்று மூத்தவர் சொல்லியிருக்கிறார்.